நார்வேயில் கூடுதலாய் மூன்று வாரம்

கோட்டைக்குப்பம் ராஜவேலுவுக்கு நடந்ததை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது! 1981 கோடையில், படகு இன்ஜின் ரிப்பேர் பயிற்சிக்காக நார்வே போனவர். ஊரே மாலை போட்டு அனுப்பியது.

எங்கள் ஏரியில் கண்ட இடத்தில் வலை கட்ட முடியாது. அதற்குப் ‘பாடு’ என்கிற வலை கட்டும் உரிமை வேண்டும். கல்யாணமான ஆணுக்கு ஒரு பங்கு. ஆனால் ஒரு பங்கு காலியானால்தான் அடுத்தவனுக்குக் கிடைக்கும். ஆடியில் ஊர் கூடும். பேர் கூப்பிட்டதும் அவனவனே வந்து குடத்துக்குள் கைவிட்டு, அந்த வருஷம் எந்த இடம் என்று சீட்டு எடுக்க வேண்டும்; வராதவன் பங்கு காலி.

ஆடிக்குள் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரருக்கு ராஜவேலுவின் வேலை பிடித்துப்போய், “இன்னும் மூன்று வாரம் இரு, பெரிய டீசல் இன்ஜினையும் கற்றுக்கொள்” என்றார். ராஜவேலு சரி என்றுவிட்டார். பெண்டாட்டி ராஜாத்தியின் அண்ணன் வேலு, கிளம்பும்போதே வாக்குக் கொடுத்திருந்தாரே: “நீ வர லேட்டானா இன்னா மாப்ள? ஊர்கிட்ட கேட்டு உன் சீட்ட நா எடுக்கமாட்டனா?”

கடைசி வாரம் முழுக்கத் துறைமுகத்துக் கட்டையில் உட்கார்ந்து ஒரே யோசனை. ஊருக்கு இன்ஜின் வரும் என்று, பயிற்சிக்கு அனுப்பிவைத்த மீன்துறை அதிகாரி சொல்லியிருந்தார். வந்தால் தன் கையால் பிரித்து மாட்டலாம், ஊர்ப் பசங்களுக்கும் சொல்லித்தரலாம். ஊர் கூடுகிற நாளன்று தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றி, அதற்குள் கைவிட்டு, இல்லாத சீட்டை எடுத்துப் பார்த்தாராம். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்தவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“உன் பாடு போச்சுய்யா” என்றாள் ராஜாத்தி. “எந்தம்பி கிருஷ்ணனுக்குக் குடுத்துட்டாங்க.”

“உங்கண்ணன் இன்னா பண்ணாரு?”

“வாயே தொறக்கல. தம்பி கல்யாணம் ஆயும் பங்கு இல்லாம கெடந்தான் இல்ல?”

ராஜவேலு ஊர்த்தலைவரிடம் ஓடினார். அங்கே சிரிப்புதான் காத்திருந்தது.

“பிளேன்ல போறவனுக்கு ஏரித் தண்ணி இன்னாத்துக்கு நைனா?” என்றார் தலைவர்.

“நார்வேல போயி பாடு கேளு, குடுப்பான்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மால போட்டு அனுப்புனது நீங்கதான?”

“மால போட்டோம். உன் கைய வெட்டி எடுத்தாந்தா குடத்துல வுட முடியும்?”

அங்கேயே நின்றிருந்த வேலு தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அவனும் எனக்குத் தம்பிதான மாப்ள.”

அவ்வளவுதான்! ஒரு மனிதனின் தண்ணீர் அத்தோடு போயிற்று. சொன்ன இன்ஜின்களும் வரவில்லை. அன்றிலிருந்து ராஜவேலு மச்சினன் கிருஷ்ணனின் படகில் கூலிக்குக் கழி ஊன்றுகிறார். ஒரு காலத்தில் தன்னுடையதாக இருந்த அதே பங்கில், அடுத்தவன் வலையை இழுக்கிறார்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாசம்தான் குப்பத்துக்கு முதல் இன்ஜின் வந்தது. கிருஷ்ணனுடையது, பழசு. நடு ஏரியில் நின்றுபோனது. கயிற்றை இழுத்து இழுத்து அவன் கை கொப்பளித்துவிட்டது.

“மாமா, நீ படிச்சவனாச்சே. கொஞ்சம் பாரேன்.”

“சத்தம் மாறும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்க அடச்சிக்கினு கீதுன்னு” என்று என்னிடம் சொன்னார் ராஜவேலு. கிருஷ்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

“மறந்துபோச்சுடா” என்றார். கழியை எடுத்து ஊன்ற ஆரம்பித்தார்.