சித்திரையில் பெய்த பனி

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் கேட்டில், செக்யூரிட்டி அண்ணன் அதை ஒவ்வொருவர் செல்போனிலும் கேமரா மேல் ஒட்டித்தான் உள்ளே விடுவார். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் உரித்துப் போடுவோம். அந்தச் சின்ன வட்டத்தை வைத்து ஒரு மனுஷியை நாற்பது பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கினேன். பேக்கிங் செக்‌ஷனில் இருந்த அக்கா அவர். இப்போது சூளகிரி பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. செல்போனில் படம் எடுக்கும் கிறுக்கு பிடித்தவர்கள், அந்த ரோட்டில் இருக்கும் நாலைந்து கம்பெனிக்காரர்கள். சனிக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு படத்தை அட்மினுக்கு அனுப்ப வேண்டும். அவர் ஞாயிறு காலையில் பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் போட்டுக் குரூப்பில் வைப்பார். சாயங்காலம் வரை குறை சொல்லலாம். அதன் பிறகுதான் எது யாருடையது என்று தெரியும். ஒரே கட்டுப்பாடு, எடுத்த படம் எடுத்தபடி இருக்க வேண்டும், ஆப்பில் போட்டு அழகுபடுத்தக் கூடாது. நான் குவாலிட்டியில் இருந்தேன். எட்டு மணி நேரம் விளக்கடியில் இரும்புத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிக் கீறல் தேடுவது என் வேலை. அதே கண்ணோடுதான் படங்களையும் பார்த்தேன். ‘சூப்பர், அருமை’ என்று பூங்கொத்து போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். கோணல் என்றால் கோணல் என்று எழுதுவேன். தேறாது என்றால் ‘ரிஜெக்ட்’. இதற்காக நான் வெட்கப்படவில்லை. உண்மையைச் சொல்லத்தான் அந்தக் குரூப்பே இருந்தது.

ஒரு சித்திரை மாதம் ஏழாம் நம்பராக ஒரு படம் வந்தது. தோட்டத்தில் ஒருவர் குனிந்து முட்டைக்கோஸ் அறுக்கிறார், அவரைச் சுற்றிப் பால் மாதிரி பனி. எல்லோரும் உருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘குளிருக்குப் பேர்போன தளியாகவே இருந்தாலும் சித்திரையில் ஏது பனி? இது ஆப்பில் பெய்த பனி. ரிஜெக்ட்’ என்று எழுதினேன். சாயங்காலம் அது அக்காவின் படம் என்று தெரிந்தது. தளி பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுவார். படத்தில் இருந்தது அவர் கணவர். அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “நான் ஒண்ணும் போடலம்மா. அந்த ஆப்பெல்லாம் எனக்குத் தெரியவும் தெரியாது. எடுத்தத அப்படியே அனுப்பினேன்.” அதோடு நான் விட்டிருக்கலாம். “அடுத்த வாரமும் பனி பெய்யுதா பாக்கலாம்க்கா” என்றேன்.

பெய்தது. அடுத்த ஞாயிறு வந்த அவர் படத்தில் நடுப்பகல் பஸ் ஸ்டாண்டே புகைமூட்டமாக இருந்தது. யார் படம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ‘பஸ் ஸ்டாண்டிலும் பனியா? ஸ்வெட்டர் எங்கே?’ என்று எழுதினேன். நாற்பது பேரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டார்கள். அக்கா குரூப்பை விட்டுப் போனார். கேன்டீனில் பேக்கிங் பெண்கள் அவரைப் ‘பனி அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார். நான் பார்த்தேன். பொய் சொன்னால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து நான் எடுத்த ஏரிப் படம் மங்கலாக வந்தது. அதற்கு ‘ரிஜெக்ட்’ போட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! மறுநாள் காலை, ஸ்டிக்கர் ஒட்டும் முன், செல்போனை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். லென்ஸ் மேல் மெல்லிய பசைப் படலம். என் மேஜையில் எப்போதும் ஸ்பிரிட் பாட்டில் இருக்கும், பார்ட்ஸ் துடைக்கிற துணியோடு வெளியே வந்து, ஸ்டிக்கரை உரித்ததும் லென்ஸையும் ஒரு துடை துடைப்பேன். அந்த வாரம் ஸ்பிரிட் தீர்ந்து போயிருந்தது. பேக்கிங்கில் ஏது ஸ்பிரிட்? அக்கா துப்பட்டாவால் துடைத்திருப்பார். துடைக்கத் துடைக்கப் பசை பரவியிருக்கும்.

நேராகக் கேட்டுக்குப் போனேன். “அண்ணே, இந்த ஸ்டிக்கர எப்ப மாத்தினீங்க?”

“என்னையக் கேக்கறியா?” என்று செக்யூரிட்டி அண்ணன் சிரித்தார். “பார்ட்ஸ் பெட்டியில ஸ்டிக்கர் உதிர்ந்து கெடக்குதுன்னு எழுதிக் குடுத்ததே நீதானம்மா. அதான் சித்திரை பொறக்கறப்பவே நல்லா ஒட்டறதா வாங்கிப் போட்டுட்டாங்க.”

ஷிப்ட் முடிந்ததும் புது ஸ்பிரிட் பாட்டிலும் துணியுமாகக் கேட்டுக்கு வெளியே அக்காவுக்காக நின்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். “அக்கா, போனைக் குடுங்க, லென்ஸுல பசை” என்று மட்டும் சொல்ல வந்தது. அக்கா செல்போனைத் தரவில்லை.

“சாக்கு, பிடு” என்றார். போதும், விடு என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். “தொடைச்சா போன் சுத்தமாயிரும். என் பேரு? எங்க வீட்டுக்காரரு போட்டோவுக்கு நிக்கவே மாட்டாரு. கெஞ்சி நிக்க வெச்சேன். அவரு கேக்கறாரு, ஏன்டி, நானும் பொய்யான்னு.”

அங்கேயே, அவர் முன்னாலேயே குரூப்பில் பேசிப் போட்டேன். “அக்கா பொய் சொல்லல. லென்ஸுல ஸ்டிக்கர் பசை. பாக்காம பேசினது நான். எல்லாரும் போனை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.” பத்து நிமிஷத்தில் ஏழெட்டுப் பேர் ‘எனக்கும் இருக்கு’ என்று எழுதினார்கள். ஸ்வெட்டருக்குச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். அக்கா அதையெல்லாம் என் செல்போனில் நிதானமாகப் படித்தார். பிறகு தன் செல்போனை நீட்டினார். “நல்லா தொடை. ஓரத்துலயும்.”

அந்த வாரமே குரூப்புக்குத் திரும்பி வந்தார். ஆனால் பயந்து பயந்து வெயிலில் எடுத்த படமாகவே அனுப்பினார். அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. மார்கழியில் ஒரு ஞாயிறு, மூன்றாம் நம்பர் படம் முழுக்க வெள்ளை. உற்றுப் பார்த்தால் ஒரு கோஸ் வரிசை, ஒரு தலைப்பாகை. யார் எடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒரு எழுத்து எழுதவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாராட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம், ஆனால் அது அவருக்குப் பிச்சை போடுவது மாதிரி. ‘நல்ல பனி’ என்று எழுதினேன். ‘ஆனால் ஆள் சரியாகத் தெரியவில்லை. இன்னும் ரெண்டடி கிட்டப் போயிருக்கலாம்.’

சாயங்காலம் வரை காத்திருக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. “இதுக்கு மேல எங்கம்மா போறது? கோஸ் மேலயே ஏறி நின்னுட்டேன். மனுசன் அங்க என்னைய ரிஜெக்ட் பண்ணிட்டு இருக்காரு!” பின்னால் ஒரு ஆண் குரல் கன்னடத்தில் திட்டுவது கேட்டது. அதற்கும் மேலாக அக்காவின் சிரிப்பு.