ஊசி போட்டால் சாப்பிட வேணும்

சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவுள்ளவர்களுக்கு, இன்சுலின் போடும் தொழிலில் ஊசி குத்துவது பெரிய காரியமில்லை. குத்தின பிறகு அவர்களை நேரத்துக்குச் சாப்பிடப் பண்ணுவதுதான் பெரும்பாடு. வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தேன்; எல்லாருக்கும் நான் 'மிஸி'.

பிட்டுக் கள்ளி

லீலாவுக்கு ஒன்பது வயது. தகப்பன் தூக்கிக்கொண்டு வந்தபோது எலும்பும் தோலும்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், எவ்வளவு தின்றாலும் தேய்கிறாள் என்றார். "இரத்தம் முழுக்கச் சீனி எண்டால் பிள்ளை ஏன் இளைக்குது, டொக்டர்?" என்று அழுதார். "அந்தச் சீனி தசைக்குள்ள போய் எரிஞ்சால்தான் தெம்பு. உள்ளுக்கு விடுறதுக்கு இன்சுலின் வேணும். இவளின்ர உடம்பு அதைச் சுரக்கேல்லை" என்றார் டொக்டர்.

காலையும் மாலையும் வீட்டுக்குப் போய் ஊசி போட்டேன். முதலில் அவளுக்குக் கண் திறக்கவே சீவனில்லை. தாய் சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் லீலா கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். சில கிழமை கழித்து நான் படலையைத் திறக்கும்போது உள்ளே ஒரே கூச்சல். தாய் சிரிப்பும் கண்ணீருமாக ஓடி வந்தாள். "மிஸி, இவள் தம்பியின்ர பிட்டையும் பறிச்சுத் திண்டிட்டாள்!"

முத்தையாவுக்கு வந்த சாமி

செட்டியார் தெருப் பட்டறையில் நகை செய்யும் முத்தையா, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவர். அவருக்கும் சீனி வருத்தம்; எங்கள் டொக்டரிடம்தான் இன்சுலின். ஆடிவேல் திருவிழா நாளில் காலி வீதியில் தேர் பார்க்க நின்றேன். தேருக்குப் பின்னால் அவர், வேர்த்துக் கொட்ட, கண் செருக, வாய் குளறத் தள்ளாடி வந்தார். பெண்கள் சாமி வந்துவிட்டதென்று கும்பிட்டார்கள். பொலிஸ்காரர் குடிகாரன் என்று கையைப் பிடித்து இழுத்தார்.

அந்த வேர்வையையும் குளறலையும் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ஊசியையும் போட்டுக்கொண்டு, விரதமென்று ஒன்றும் சாப்பிடாமல் செட்டியார் தெருவிலிருந்து தேரோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். வேலை செய்யும் தசை கூடுதலாகச் சீனியை எரிக்கும். ஊசியும் சேர்ந்து இரத்தத்தில் இருந்ததை வற்றடித்துவிட்டது. மூளைக்கும் இல்லாமல் போனால் ஆள் பிழைக்காது. பொலிஸ்காரரைத் தள்ளிவிட்டு, தண்ணீர்ப் பந்தலில் சீனியை அள்ளிக் கரைத்து, மெல்ல மெல்லப் பருக்கினேன். கொஞ்ச நேரத்தில் முத்தையா முழித்துப் பார்த்து, "மிஸியா? தேர் எங்க போயிட்டுது?" என்றார். கும்பிட்ட கை இறங்காமல் நின்ற ஓர் அம்மா சொன்னார்: "ஒரு பிடி சீனிக்கு மலையேறுற சாமியை நான் இண்டைக்குத்தான் கண்டன்!"

தோடம்பழத்தில் படித்த பாடம்

கொட்டாஞ்சேனைத் துணிக்கடை சலீம் முதலாளிக்குச் சீனி கூடி, கால்விரல் புண் ஆறவில்லை. காலை எடுக்க வேண்டி வரும் என்று வேறொரு வைத்தியர் சொல்லியிருந்தார். முதலாளியோ ஊசியைக் கண்டால் பின்கதவால் ஓடுவார். கடைசியில் அவர் மனைவி சுபைதா ராத்தா தானே குத்துவதாகச் சொன்னார். முதலில் தோடம்பழத்தில், அதுதான் ஆரஞ்சில், குத்திப் பழகினார். பிறகு கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புருஷனுக்குக் குத்தினார். சீனி இறங்க, புண் ஓரத்திலிருந்து மெல்ல மூடியது. ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி இரண்டு காலிலும் செருப்புப் போட்டு, யாரையும் பிடிக்காமல் பள்ளிவாசலுக்கு நடந்தார். வாசலில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "கால் தப்பிச்சி, மிஸி. ஆனா ஊட்டுல இனி என்ட பேச்சு எடுபடாது!"

எங்கள் தொழிலில் வெற்றி என்பது, நேற்றுச் சாகக் கிடந்தவர் இன்றைக்கு எழும்பி வந்து, ஊசி நோகிறதென்று நம்மோடு சண்டை பிடிப்பதுதான்.