ஜெபத்தின் நடுவே ஓர் இருமல்

ஞானஸ்நானத் தொட்டியில் அன்று தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருந்தது. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமே, ஒரு விரலை விட்டுச் சூடு பார்க்கலாமா, பார்த்தால் தவறாகிவிடுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையில்தான் கோட்டை விட்டேன். போதகர், "பிள்ளையின் பெயர்?" என்று கேட்டார். எங்கள் சபை வழக்கப்படி, பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய்தான் பெயரைச் சொல்ல வேண்டும். ஏந்தி நின்றவர் என் மதினி, என் கணவரின் அக்கா. கர்ப்பமாக இருந்த மாதங்களெல்லாம் நான் தேடித் தேடி, அர்த்தம் பார்த்து, சரிதானா என்று நூறு பேரிடம் கேட்டு வைத்திருந்த பெயர் ஜெர்லின் ஃபியோனா. மதினி தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி, "ஞானவடிவு" என்றார். அது அவருடைய அம்மாவின் பெயர். நான் மருமகளாக வருவதற்கு முன்பே காலமாகிவிட்டவர். நான் வாயைத் திறப்பதற்குள் போதகர் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஊற்றிய தண்ணீரை யார் திரும்ப அள்ளுவது?

வெளியே வந்ததும் கேட்டேன். மதினி அசரவில்லை. "நான் என்னத்தட்டி செய்ய? கர்த்தர் என் வாயில வச்சாரு" என்றார். கர்த்தரையே தன் பக்கம் நிறுத்திக்கொண்டவரிடம் எப்படி வழக்காடுவது? நகராட்சியில் நான் தேடி வைத்த பெயரையே பதியலாம் என்றார் கணவர். ஆலயத்தில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பெயர் என்று வைக்க எனக்குப் பயமாக இருந்தது. நியாயத்தீர்ப்பு நாளில் பிள்ளை எந்தப் பெயருக்கு எழுந்து நிற்பாள்? ஆகவே ஞானவடிவு என்றே பதிந்தோம். வீட்டில் மட்டும் 'பாப்பா' என்று கூப்பிட்டேன். இந்த ஏற்பாடு யார் கண்ணிலும் படாது என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு ஆராதனையில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. பரமண்டல ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி ஒன்று உண்டு. அந்த வரி வந்தால் மதினியின் முகமும் வந்துவிடும். மன்னிக்காமலே மன்னித்தேன் என்பது ஆண்டவரிடமே பொய் சொல்வது. சொல்லாமல் விட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். அதனால் அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருமத் தொடங்கினேன். வராத இருமலை இருமுவதும் பொய்தானே என்ற எண்ணம் வராமல் இல்லை. கணவரிடம் கேட்டேன். "பேசாம சொல்லிரு. அம்புட்டுப் பேரு சத்தத்துல ஒன் சத்தமா தனியாக் கேக்கப் போவுது?" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ, அப்படியானால் நான் செய்கிற மற்ற ஜெபங்களும் கேட்காதோ என்று இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது.

பாப்பா வளர்ந்து ஞாயிறு பள்ளியில் சேர்ந்தாள். பள்ளி விழாவில் அவளைத் தனியாக மேடையேற்றி, பரமண்டல ஜெபத்தைச் சொல்ல வைத்தார் டீச்சர். கண்ணை இறுக மூடி, கையைக் கூப்பி, மணி மணியாகச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்தது. அந்த வரி வந்தது. பாப்பா ஒரு கையை எடுத்து வாயைப் பொத்தினாள். அழகாக, அளவாக இருமினாள். பிறகு கையைக் கூப்பி அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தாள். முன்வரிசைத் தாத்தா ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு எழுந்துவிட்டார். "பிள்ளைக்குச் சளியா?" என்று டீச்சர் குனிந்து கேட்டார். மைக்கை அணைத்திருக்கலாம். "இல்ல டீச்சர், அந்த எடத்துல இருமணும். எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் என் மகள். ஆலயம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. என் கசப்பை என்னோடு வைத்திருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். பிள்ளை அதை ஜெபமென்றே நம்பி மனப்பாடம் செய்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மதினியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வன்னியம்பட்டி விலக்கு வரும் முன்பே நாலு விதமாக மாற்றிவிட்டேன். மதினி நூல் மில்லில் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அடுப்பில் குக்கரை ஏற்றிக்கொண்டிருந்தார். பாப்பா தெருப்பிள்ளைகளோடு விளையாட ஓடிவிட்டாள். மறந்துவிடப்போகிறதே என்ற பயத்தில், நின்றபடியே, "மதினி, நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்" என்றேன்.

"என்னையா? எதுக்குட்டி?"

"பிள்ளைக்குப் பேரு மாத்திச் சொன்னீங்கள்ல, அதுக்கு."

"நல்லாருக்கே கதை! ஒன்ன மன்னிக்கலாமா வேண்டாமான்னு நான்ல யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எங்கம்மா பேரு ஒன் வாயில வந்திரக்கூடாதுன்னு, பாப்பா பாப்பான்னே கூப்பிடுத. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. மன்னிக்க வந்த இடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியவளாக நின்றேன். ஆனாலும் விடவில்லை. "கர்த்தர் வாயில வச்சாருன்னு சொன்னீங்களே, அது மட்டும் நியாயமா?"

மதினி அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "அவரு எங்கட்டி வச்சாரு? மறந்து போச்சு. ஒன் மக பேர பஸ்ஸு பூரா சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். போதகர் ஐயா கேட்டதும் அம்புட்டுக் கண்ணும் என்னையப் பாக்குதா, எங்கம்மா பேருதான் வந்துச்சு. வெளிய சொன்னா சிரிப்பாவளேன்னு கர்த்தர் மேல போட்டுட்டேன். அன்னைக்கே அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். அவரு ஒடனே விட்டுட்டாரு. ஒன்ன நெனச்சாத்தான் பயமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு விழாவில் நடந்ததைச் சொன்னேன். தரையில் உருளாத குறையாகச் சிரித்துவிட்டு, "வா, அந்த ஜெபத்த இப்பமே சொல்லிருவோம்" என்றார். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே சொன்னோம். சரியாக அந்த வரியில் குக்கர் விசில் அடித்தது. நான் சொன்னேனா என்பது எனக்கே கேட்கவில்லை. "இது செல்லாது, மொதல்லருந்து வா" என்று அடுப்பை அணைத்தார் மதினி. மறுபடி சொன்னோம்.

அதோடு எல்லாம் கரைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஜெர்லின் ஃபியோனா இன்றும் எப்போதாவது மனதில் எட்டிப் பார்ப்பாள். மதினியும் புதிது புதிதாக ஏதாவது செய்துகொண்டுதான் இருக்கிறார். மன்னிப்பு என்பது வீடு கூட்டுவதுபோல. நேற்றுக் கூட்டினேனே என்று இன்றைக்கு விட முடியாது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலுக்கு வந்து, தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்தவளை, "ஞானவடிவு!" என்று கூப்பிட்டேன். என் வாயால் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மகள் அப்படியே நின்றாள். கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். மெல்ல வந்து, என் முகத்தை அண்ணாந்து பார்த்து, "நான் ஒண்ணும் பண்ணலம்மா. கோவமா?" என்று கேட்டாள்.

பின்னால் மதினி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லட்டி" என்றேன். "அத்தைக்கு டாட்டா சொல்லு, போவோம்."