தோற்கத் தெரிந்த பதினொரு பேர்

நான் இருக்கும் நோர்வே ஊரில் சனிக்கிழமைகளில் ஐம்பது தாண்டிய ஆண்கள் பந்தடிப்பார்கள். ஒரு காலத்தில் கழகங்களுக்கு ஆடி ஓய்ந்தவர்கள். தங்களை ‘ஓல்ட் பாய்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வார்கள். சொந்த மொழியில் கிழடுகள் என்று சொல்ல வெட்கம் போலும். தோற்றுவிட்டால் செத்தவீடுதான். பியரைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கின ஒரு கோலுக்கு இரண்டு மணித்தியாலம் ஒப்பாரி. என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டு ஓலாவ். போன மாதம் தோற்று வரும்போது நான் சிரித்தேனாம். “உன் நாட்டில் தோற்றால் சிரிப்பார்களா?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டார். தோல்வியைப் பற்றி இந்த மனுசன் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

போன வருசம் ஊருக்குப் போயிருந்தேன். சண்டை நடக்கிற இடத்துக்கு லீவில் போகிற விசரன் என்று இங்கே எல்லோரும் ஏசினார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற பஸ்ஸை ஆமிக்காரர் தேற்றாத்தீவில் மறித்து, வழக்கம்போல எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். சோதனைச்சாவடி தாண்டினால், மரத்தடியில் தொப்பை பிதுங்கும் மஞ்சள் ஜேர்சியோடு பத்துக் கிழவர்கள். நடுவில் வடிவேல் அண்ணன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கத்தில் பேர்போன கோல்காப்பாளர். மற்றவர்களும் அவரோடு ஆடியவர்கள்தான்.

“என்னண்ணே, இந்த வயசில எங்க போறீங்க?”

“ஆமிக் காம்புக்கு. புதுசா வந்த பெரியவன் சிநேக மெச் வைக்கிறானாம், ஊர்ப் பொடியனுகள அனுப்பட்டாம். போறவனுகள் முழுசாத் திரும்பி வருவானுகளெண்டு ஆரு கண்ட? அதான் நாங்க போறம்.”

சிநேகமாம். துவக்கோடு வந்து கூப்பிடுகிற சிநேகம்.

பதினொராவது ஆளுக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தால் ஆமிக்காரர் தாங்களே ஊருக்குள் இறங்கிப் பொடியனுகளைக் கூட்டிவருவோம் என்று சொல்லியிருந்தார்களாம். சந்தியிலிருந்து முதலாவது வீடு அண்ணனுடையது. உள்ளே பத்தொன்பது வயதில் மகன். “உன்னட்ட வெளிநாட்டுப் பாஸ்போட் இருக்கு. உன்னத் தொடமாட்டானுகள், வா தம்பி” என்றார். போனேன்.

எனக்கு இடது பக்கம். உள்ளே போகமுன் அண்ணன் சொல்லித்தந்தார். வெல்லக்கூடாது, வென்றால் விடியமுன் ஊரைச் சுற்றிவளைப்பார்கள். சும்மா தோற்கவும் கூடாது. நக்கலடிக்கிறோம் என்று பெரியவனுக்குக் கோபம் வரும். வேர்க்க விறுவிறுக்க ஓடி, ஒரே ஒரு கோலால் தோற்கவேண்டும். ஒரு காலத்தில் பெனால்டியையே பாய்ந்து பிடித்த மனுசன் அன்றைக்குப் பந்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தார். எவ்வளவு வடிவாக விழுந்தார் தெரியுமா? பெரியவன் கைதட்டினான்.

இரண்டுக்கு ஒன்று. முடிகிற நேரம் பந்து என் காலுக்கு வந்தது. முன்னால் வெறும் கோல். “தம்பி” என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல், அவ்வளவுதான். பந்தைக் காம்பு வேலிக்கு அப்பால் இருந்த வாவிக்குள் அடித்தேன். பத்துக் கிழவர்களும் தலையில் கைவைத்துக் குந்தினார்கள். நடிப்பில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

இதையெல்லாம் என் ஓட்டை நோர்வேஜிய மொழியில் ஓலாவுக்குச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். “வெறும் கோலை வேண்டுமென்றே விட்டாயா?” என்றார். பிறகு, “யுக்ஸ்” என்றார். ஏமாற்று என்று அர்த்தம். இங்கே என்றால் எனக்குத் தடை போட்டிருப்பார்களாம். நல்ல நாடு. தோற்கிறவனிடமும் நேர்மை கேட்கிற அளவுக்கு நல்ல நாடு.

முந்தாநாள் வடிவேல் அண்ணன் டெலிபோன் எடுத்தார். காம்பில் திரும்பவும் மெச் வைத்தார்களாம்.

“அண்டைக்குக் காய்ச்சலெண்டவருக்கு இப்ப நடக்கவும் ஏலா, நீயும் இல்ல. ஒராள் குறஞ்சிட்டு. உன்ட இடத்தில மகன விட்டன்.”

“சொல்லிக் குடுத்தீங்கதானே அண்ணே?”

“சொன்னன். இளம் ரத்தம், தோக்கத் தெரியல்ல அவனுக்கு. கோலடிச்சிட்டான் தம்பி. இன்னும் வீட்ட வரல்ல.”

இன்றைக்குச் சனிக்கிழமை. இடது பக்கத்துக்கு ஆள் இல்லை, கெதியாய் வா என்று ஓலாவ் வாசலில் நிற்கிறார். அங்கேயும் இடது பக்கத்துக்கு ஆள் இல்லை. ஒரு காலில் சப்பாத்தைப் போட்டபடி படியில் இருக்கிறேன்.