மாமரத்தில் இறங்கிய சாமி

தஞ்சோங் காராங் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து முனியாண்டி கோயில் முன்னால் காரை நிறுத்துகிறேன். கோயில் கூரைமேல் சாய்ந்த மாங்கிளையை வெட்ட அந்தோணி ஏறியிருக்கிறார். மரம் ஏறுவதுதான் அவருக்குத் தொழில். இடுப்பிலும் தொடையிலும் பெல்ட், கழுத்தில் சிலுவை, கையில் ரம்பம். கிளையைக் கட்டிய கயிறு கீழே அவர் மனைவி மேரியின் பிடியில்.

பாதி அறுத்திருக்கையில் செவ்வெறும்புக் கூடு கலைந்துவிடுகிறது. கிளையை அப்படியே விட்டு இறங்கினால் கூரை போய்விடும். அதனால் அந்தோணி பெல்ட்டில் தொங்கியபடியே உதறுகிறார், அலறுகிறார், அறுக்கிறார்.

கோயிலுக்கு வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துக் குலவையிடுகிறார்கள். ஒருவர் சூடம் ஏற்றுகிறார்.

"சாமி இல்லம்மா, எறும்பு!" என்று மேரி கத்துகிறார். யார் கேட்கிறார்கள்?

கிளை பத்திரமாக இறங்குகிறது. பின்னாலேயே அந்தோணியும் இறங்குகிறார். அவர் நெற்றி நிறைய விபூதியை அப்பிவிட்டு, "சாமி, எம் மவளுக்கு எப்ப கல்யாணம் கூடும்?" என்று ஓர் அம்மா கைகூப்புகிறார்.

"தையில கூடிரும்மா, வழி விடுங்க" என்கிறார் அந்தோணி, தொடையைச் சொறிந்துகொண்டே.

நான் மெதுவாக அவரிடம், "சர்ச்சுக்குப் போற ஆளு, குறி சொல்லலாமா?" என்கிறேன்.

"சொல்லலன்னா விட மாட்டாங்க லா."

திரும்பிப் பார்க்கிறார். அந்த அம்மாவுக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்தோணி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மறுபடியும் மரத்தில் ஏறுகிறார்.

"எறும்பே பரவால்ல, அண்ணே."