இரண்டு அங்குலப் பொய்

என் அக்கா பெண்களுக்கான தையல்கடை நடத்துகிறாள். அவள் அளவெடுப்பாள், நான் வெட்டுவேன். அவள் கைத்திறமையால் கடை ஓடுவதாக ஊர் நினைக்கிறது. கிடையாது, அவள் வாயால்தான் ஓடுகிறது. யார் இடுப்பில் நாடாவைச் சுற்றினாலும் இரண்டு அங்குலம் குறைத்துத்தான் சத்தமாகச் சொல்வாள். நான் வாயை மூடிக்கொண்டு இரண்டைக் கூட்டி வெட்டுவேன். வந்தவள் மனம் குளிர்ந்து போவாள், சட்டையும் கச்சிதமாக இருக்கும். எதிர்க்கடைக்காரர் உள்ளதை உள்ளபடி சொல்லி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவின் நாத்தனார் இளைப்பதற்குப் படாத பாடில்லை. ஒரு மாதம் வெறும் காய், ஒரு மாதம் வெறும் பழம், இன்னொரு மாதம் வெறும் கோபம். "என்னம்மா, இன்னும் பெருத்துட்டியே" என்று கேட்காமல் அந்த வீட்டில் எந்த உறவுக்காரரும் உட்கார்ந்ததில்லை. அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. கடையில் குறைத்ததை வீட்டில் வட்டியோடு சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்ட நாத்தனார் திடீரென்று இளைக்க ஆரம்பித்தாள். பாராட்டு தாங்கவில்லை. அக்காகூட "அழகாயிட்டேடி" என்றாள். புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது அக்கா நாடாவைச் சுற்றி, "முப்பத்தி நாலு!" என்று கத்திவிட்டாள். அதிர்ச்சியில் குறைக்க மறந்துவிட்டாள். நான் வழக்கம்போல இரண்டைக் கூட்டி வெட்டித் தொலைத்தேன்.

சட்டையைப் போட்டுப் பார்க்க வந்த நாத்தனாருக்கு அது தொளதொளவென்று தொங்கியது. அவளுக்கோ தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணி, அதுக்குள்ள இன்னும் இளைச்சிட்டேன்!"

அக்கா என்னை முறைத்தாள். நான் கத்தரிக்கோலைத் துடைத்தேன்.

"என்னடி சாப்பிடறே?"

"எல்லாந்தான்! டயட்ட விட்டே மூணு மாசமாச்சு. தண்ணிதான் குடம் குடமா உள்ள போகுது. அதுலதான் கொழுப்பு கரையுது போல."

சொல்லிக்கொண்டே கடைத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, வந்ததிலிருந்து இரண்டாம் முறையாகக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தவளை அக்கா விடவில்லை.

"உடனே டாக்டரப் பாருடி. இது நல்லதுக்கில்ல."

"நான் இளைச்சா உங்களுக்குப் பொறுக்காதே! மூணு மாசத்துல நாலு இஞ்ச், ஊர்ல நடக்காததா?"

பெஞ்சு நிறைய வாடிக்கைக்காரிகள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அக்கா கேட்டால்தானே.

"நாலு இல்லடி, ஆறு! அப்போ உன் இடுப்பு நாப்பது. நான்தான் முப்பத்தெட்டுன்னு சொன்னேன். எல்லாருக்கும் ரெண்டு குறைச்சுத்தான் சொல்லுவேன். இந்த முப்பத்தி நாலு மட்டுந்தான் உள்ளபடி சொன்னது."

 பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "அப்போ என்னோட முப்பத்தாறு?"

பெஞ்சு ஒவ்வொருத்தியாகக் காலியானது. சாயங்காலம் எதிர்க்கடையில் நிற்க இடமில்லை.

அக்கா அதைப் பார்க்கவே இல்லை. நாத்தனாரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பீர்கள் என்று டாக்டர் திட்டித் தீர்த்தார்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாத்தனார் கையில் சலைன் ஊசியோடு படுத்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா தேற்றினாள். "அழாதடி. மருந்து போட்டா பழையபடி உடம்பு தேறிடும்."

"அதுக்குத்தான் அழறேன் அண்ணி. இந்த மூணு மாசந்தான் எல்லாரும் என்னை அழகுன்னு சொன்னீங்க."

 எதற்கும் பதில் வைத்திருக்கும் என் அக்கா அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சாகக் கிடந்தப்பதான் எங்க கண்ணுக்கு அழகாத் தெரிஞ்சியாடி?" என்று அவளும் அழுதாள்.