சின்ன மாப்பிள்ளையின் நாற்காலி

என் தங்கை கணவருக்கு வயது ஐம்பத்தொன்பது. ஆனாலும் எங்கள் வீட்டில் அவர் இன்றைக்கும் சின்ன மாப்பிள்ளைதான். அருங்காட்சியகத்தில் பழம்பானைகள் இருக்கும் கூடத்துக்குக் காவலர். முப்பத்து மூன்று வருடமாக ஒரே கூடம், ஒரே நாற்காலி. அதில் அவர் பார்த்த வேலை தூக்கம். புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம், குடும்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி இது. நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முன்கால்கள் அந்தரத்தில் நிற்க, தலையைச் சுவருக்குக் கொடுத்து, கண்ணைப் பாதி திறந்தபடி தூங்குவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஆழ்ந்து யோசிக்கிறார் என்று தோன்றும். அவர் குறட்டையில் ஆயிரம் வருடத்துப் பானை ஒன்று விரிசல் விட்டது என்று சிலர் சொல்வார்கள். சுத்தப் பொய். விரிசல் முன்பே இருந்தது, கொஞ்சம் அகலமானது, அவ்வளவுதான்.

பிரம்பு அறுந்தபோது அவரே நைலான் கயிற்றால் பின்னினார். பின்கால் ஆடியபோது சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினார். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் ஆறு மாதம் ஆகும்.

"எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்க மறந்துடுவாரு. அதுக்குக் கால் ஆடுனா மட்டும் அன்னிக்கே வைத்தியம்" என்று தங்கை புலம்பாத நாளில்லை.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது அங்கே ஓர் ஆய்வாளர் வந்து சேர்ந்தாள். சின்னப் பெண், கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் அளவு நாடா. ராஜா ராணி சாமானெல்லாம் அவளுக்கு வேண்டாம். சாதாரண ஆட்கள் புழங்கிய பொருளை எடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று பார்த்தே, வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவாளாம். சின்ன மாப்பிள்ளை மூன்று நாள் விடுப்பில் போன சமயம், நாற்காலி அவள் கண்ணில் பட்டது.

அவர் திரும்பி வந்து பார்த்தால், அதே சுவரோரம் ஒரு மேடை. மேடைமேல் நாற்காலி. சுற்றிலும் கயிறு. காலில் பொடி எழுத்தில் ஓர் எண்.

"யாரும்மா என் நாற்காலிய மேல ஏத்துனது?"

"தொடாதீங்க ஐயா! அது இப்ப அரும்பொருள்."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

சின்ன மாப்பிள்ளை கிடங்குப் பொறுப்பாளரிடம் போய் நின்றார்.

"பழசை ஒப்படைங்க, புதுசு தர்றேன்."

"அதான் மேடைமேல இருக்கே!"

"அரும்பொருளை எல்லாம் கிடங்குல ஒப்படைக்க முடியாதுங்க."

"அப்ப எனக்கு நாற்காலி இல்லன்னு எழுதிக்கிட்டு ஒண்ணு குடுங்க."

"எப்படி எழுதுறது? உங்க பேர்ல ஒரு நாற்காலி இருக்கே."

ஆக, மூட்டு தேய்ந்த மனிதர் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நின்றுகொண்டே, தம் நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாமல் காவல் காத்தார். வீடு திரும்பும்போது கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருக்கும். ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஆறு வாரத்தில் கூடி, எது அரும்பொருள் என்று தீர்மானிக்கப்போகும் குழு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், நாற்காலி கீழே இறங்கிவிடும்.

குழு வந்தது. அருங்காட்சியகத் தலைவரும் இரண்டு பெரியவர்களும். ஆய்வாளர் பூதக்கண்ணாடியும் கையுமாக ஆரம்பித்தாள்.

"பின்கால் ரெண்டும் பின்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. முதுகுச் சட்டத்துல சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருக்கு. என்ன அர்த்தம்? சின்னச் சத்தம் கேட்டாலும் துள்ளி எழுந்திருக்காரு! அந்த வேகத்துல நாற்காலி பின்னால போய்ச் சுவர்ல மோதியிருக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது!"

பெரியவர்கள் கைதட்டினார்கள். தலைவர், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடத்தில் அவரை யாரும் பாராட்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மாலையே போட்டிருப்பார்கள். ஆனால் மூட்டு சும்மா இருக்கவில்லை.

"அம்மா, அது துள்ளுன அடையாளம் இல்ல. தூங்குன அடையாளம்."

தலைவருக்கு முகம் வெளுத்தது. ஆய்வாளருக்கோ கண் மின்னியது.

"காட்ட முடியுமா?"

கயிற்றைத் தாண்டி ஏறினார். உட்கார்ந்தார். சாய்ந்தார். சட்டத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்த இடமே சுவரில் அச்சாகப் பொருந்தியது. செய்துகாட்டியதும் எழுந்திருக்க வேண்டியதுதானே? ஆறு வாரத் தூக்கம் பாக்கி. குறட்டை கிளம்பிவிட்டது.

"யாரும் எழுப்பாதீங்க!" என்று அவள் மண்டியிட்டு நாற்காலி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கத் தொடங்கினாள். முக்கால் மணி நேரம் மூன்று பெரிய மனிதர்களும் மூச்சுக் காட்டாமல் நின்றார்களாம்.

தலைவரால் தண்டிக்கவும் முடியவில்லை. பதினோரு வருடமாக அவர்தானே அங்கே தலைவர்? காவலர் தூங்கினார் என்று எழுதினால் அவர் தலையும் சேர்ந்தல்லவா உருளும்! அதனால் குழு இப்படி முடிவெழுதியது: 'இப்பொருள் இன்னும் பயன்பாட்டில் உள்ளது. காவலர் ஓய்வு பெறும்வரை அவரிடமே இருக்கட்டும். அதுவரை ஆய்வாளர் உடனிருந்து பதிவு செய்க.'

மறுநாள் நாற்காலி தரைக்கு வந்தது. சின்ன மாப்பிள்ளை ஆசையாகச் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடினார். எதிரே நோட்டும் பென்சிலுமாக அவள்.

"நீங்க பாட்டுக்குத் தூங்குங்க ஐயா. நான் இருக்கேன்னே நெனைக்காதீங்க."

எந்த மனிதனுக்குத் தூக்கம் வரும்?

ஒரு வாரம் கழித்துத் தங்கை கேட்டாள்: "அதான் நாற்காலி கெடச்சிருச்சே, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"கண்ண மூட முடியலடி. பொழுது போகாம பானைய எண்ணுனேன். மூணு தடவ எண்ணிட்டேன்."

"எத்தன இருக்கு?"

"இருநூத்து நாப்பத்தாறு. பலகையில இருநூத்து நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு."

"ஐயையோ! எப்பருந்து கொறையுது?"

"அது எனக்கெப்படிடி தெரியும்?"